ஸ்டாப்பரின் வலது கை

நான் கோலியாக நின்ற ஒன்பது வருஷத்தில் ஒரு கோல்கூட விட்டதில்லை. சங்கரன்கோவிலில் அந்தக் காலத்தில் பந்தாட்டம் பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். விழுந்த கோல் எல்லாம் ஸ்டாப்பர் விட்டதுதான் என்று சத்தியம் செய்வார்கள். அவரே கையைத் தூக்கி ஒத்துக்கொண்ட பிறகு மற்றவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்? நானும் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. பந்து பிடிப்பதில்தான் இல்லை.

ஸ்டாப்பர் என்றால் கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, முன்னால், தடுப்பு வரிசையின் நட்டநடுவில் நிற்கிற ஆள். எதிரணியில் கோல் அடிக்க வருகிறவன் கடைசியாகத் தாண்ட வேண்டியது அவரைத்தான். அதற்குப் பிறகு நான் இருந்தேன், ஆனால் என்னை யாரும் ஒரு தடையாக நினைத்ததில்லை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகையில் அதைப் பார்த்துவிட்டு, இது யாருக்குக் கல்யாணம் என்று கேட்டவர்கள் எங்கள் டீமிலேயே இருந்தார்கள். மளிகைக் கடைக்காரர், தபால்காரர், மாமனார் வீட்டார் எல்லோருக்குமே அவர் ஸ்டாப்பர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு மட்டும் அண்ணன்.

ஆள் ஆறடி, ஒல்லி. பழைய பந்தின் தையல் பட்டுக் கிழிந்த தழும்பு ஒன்று நெற்றியில் இருக்கும். மற்ற ஊர் ஸ்டாப்பர்கள் சறுக்கி விழுந்து பந்தை எடுப்பார்கள், கூட்டம் கைதட்டும். இவர் விழவே மாட்டார். கரிசல் மண் காய்ந்த கிரவுண்டில் விழுந்தால் முட்டி தேறாது என்பது ஒரு காரணம். விழுந்து எடுக்கிறவன் முதலிலேயே தப்பான இடத்தில் நின்றிருக்கிறான் என்பது அவருடைய கட்சி. பந்து வரப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய், பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார். பந்தும் சொல்லிவைத்தது போல அங்கேதான் வரும்.

நான் கோலியான கதை ஒரு வரிதான். பந்து என்னுடையது. என்னை வெளியே உட்கார வைத்தால் பந்தும் என்னோடு வெளியே உட்காரும் என்பதால், ஓட வேண்டிய அவசியமே இல்லாத இடமாகப் பார்த்து என்னை நிறுத்தினார்கள். நிறுத்திய முதல் நாளே நான்கு விட்டேன். மூன்றாவது விழுந்தபோது இடதுபக்கம் நின்றவன் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், நான் அவனுடைய அக்காவை இழுத்தேன், இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்கப் போனோம். அப்போதுதான் நடுவில் நின்ற அந்த ஒல்லி ஆள் எங்களைத் திரும்பிப் பார்க்காமலேயே வலது கையைத் தூக்கினார். உள்ளங்கை விரிந்து, தலைக்கு மேலே நேராக. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்வது போல.

"எம் ஆளு. நான் விட்டுட்டேன்."

கோல் அடித்தவன் தான் மறிக்க வேண்டிய ஆள், தன் தப்பு என்று அர்த்தம். அடித்தவனுக்கும் அவருக்கும் நடுவே பதினைந்து அடி இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சண்டை அப்படியே நின்றுபோனது. அவனவன் அவனவன் இடத்துக்குப் போனான்.

ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். நன்றி சொல்வதற்காகக் கேட்கவில்லை, இனியும் செய்வாரா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை.

"கோல் விழுந்த மறு நிமிசம் எல்லாவனும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பான்லே. அந்த நேரத்துலதான் அடுத்த கோல் விழும். எவனாவது ஒருத்தன் கையத் தூக்கிட்டா, பாக்கி ஆளு போயி அவனவன் இடத்துல நிப்பான். அம்புட்டுதான்."

அவருக்கு அது ஒரு வேலைமுறை. எனக்கு அது ஒன்பது வருஷச் சொகுசாகிவிட்டது. பந்து வலைக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது பந்தை அல்ல, அவருடைய கையைத்தான். கை மேலே போய்விட்டதா, சரி, நான் முகத்தில் கொஞ்சம் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு, பரவாயில்லை அண்ணே என்பது போலத் தலையசைப்பேன். சில சமயம் அவரை மன்னித்தும் இருக்கிறேன். நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போல வருகிறது.

கிரவுண்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தக் கை ஊருக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு முனையில் இரண்டு பைக்குகள் மோதிக்கொண்டன. ஒருவன் பூ மூட்டையோடு வந்தவன், இன்னொருவன் புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழச் சாக்கோடு வந்தவன். ரோடெல்லாம் மல்லிகையும் எலுமிச்சையும். இரண்டு பேரும் எழுந்து நின்று யார் தப்பு என்று ஆரம்பித்தார்கள். ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஸ்டாப்பர் கிளாஸை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையைத் தூக்கினார். பழக்க தோஷம். இரண்டு பேரும் ஒரு கணம் அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒற்றுமையாக அவர்மேல் பாய்ந்தார்கள். போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, 'இவர்தான் சார், இவரே ஒத்துக்கிட்டாரு' என்று சொன்னதும் அந்த இரண்டு பேர்தான். ஸ்டேஷன் வரைக்கும் போய், இவருக்குப் பைக்கே கிடையாது என்று நாங்கள் நிரூபித்துக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

கல்யாணமான புதிதில் அவருடைய வீட்டம்மா எங்களிடம் ஒரு புகார் சொன்னார். குழம்பில் உப்பு கூடிவிட்டதாம். மாமியார் வாய் திறப்பதற்குள் இவர் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே கையைத் தூக்கிவிட்டாராம்.

"உப்புப் போட்டது நான். அவுக எதுக்குக் கையத் தூக்குதாவ? என் தப்பக்கூட எங்கிட்ட விடமாட்டேங்காவளே."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். அந்த அம்மா சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியது எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் தப்பு ஒன்றுகூட என் கையில் தங்காததால் நான் கடைசிவரைக்கும் பந்து பிடிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தி பாளையங்கோட்டையில் மாவட்ட டீமுக்கு ஆள் எடுத்தார்கள். அதில் பெயர் வந்தால் ஒரு சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட்டு, அதற்குப் பின் வேலை. எங்களைப் போன்ற பையன்களுக்கு அந்த ஒரு காகிதம்தான் கதவு. ஸ்டாப்பருக்குக் கிடைக்கும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனது, டீம் என்றால் பதினொரு பேர் வேண்டும் என்ற விதியால்தான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும். எதிரணியில் ஒருவன் வலது பக்கமாக வந்து ஒரு பந்தைத் தள்ளினான். அடித்தான் என்று சொல்ல மனசு வரவில்லை, தள்ளினான். ஸ்டாப்பர் அப்போது வேறொரு ஆளை மறித்துக்கொண்டு தள்ளி நின்றார். பந்து உருண்டு வந்தது. எனக்கு யோசிக்க நேரம் கிடைத்ததுதான் வினையாகப் போயிற்று. முட்டி போட்டு உட்கார்ந்து அழகாகப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். இரண்டு காலுக்கும் நடுவே உருண்டு உள்ளே போயிற்று.

திரும்பிப் பார்த்தால் கை மேலே நிற்கிறது.

ஆள் எடுக்க வந்திருந்த பெரியவர் அந்த நேரத்தில் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் கண்ணில் பட்டது வலைக்குள் பந்தும், தூக்கிய கையும். மறுபடி குனிந்து எழுதினார். சாயங்காலம் பெயர்களை வாசித்தார்கள். ஸ்டாப்பரின் பெயர் இல்லை. மூன்றாவது கோலியாக என் பெயர் இருந்தது. உண்மையான மூன்றாவது கோலிக்கு அம்மை போட்டிருந்ததாம். அம்மனுக்குக்கூட என் ஆட்டத்தின்மேல் இவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கிறது.

ஸ்டாப்பர் வந்து என் தோளில் தட்டி, நல்லது, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். திருநெல்வேலியிலிருந்து ஊருக்குப் பஸ் ஏறினோம். ஒரே சீட்டு, அவர் ஜன்னலோரம். வறுகடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தார். அந்தப் பெரியவரின் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். இறங்கித் திரும்பிப் போய், ஐயா அது என் தப்பு, அவருடையது இல்லை என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அதற்கு முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். மானூர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மானூரில் கூட்டம் ஏறியது. தேவர்குளத்தில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், கடலைதான் உள்ளே போயிற்று. பனவடலிசத்திரம் தாண்டியதும் கட்டாயம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பனவடலியும் தாண்டியது. ஊர் வந்துவிட்டது. இறங்கி, வாரேன் அண்ணே என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அம்மா பாயசம் வைத்திருந்தார்கள்.

அந்தக் காகிதத்தை வைத்துத்தான் உடற்கல்வி படித்தேன். அதை வைத்துத்தான் எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற பள்ளியில் பி.டி. மாஸ்டர் ஆனேன். ஆண்டு விழாதோறும் தாளாளர் மைக்கைப் பிடித்து, நமது மாவட்டத்தின் முன்னாள் கோல்கீப்பர் என்று என்னை அறிமுகப்படுத்துவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் எழுந்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கும்பிடுவேன்.

ஸ்டாப்பர் கதவு வழியாகப் போகவில்லை, மலை ஏறிப் போனார். செங்கோட்டை தாண்டிக் கேரளத்தில் ஏழு பேர் விளையாடுகிற 'செவன்ஸ்' ஆட்டம் சீசன் முழுக்க நடக்கும். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஊர் ஊராக ஜீப்பில் போய் ஆடினார். அங்கே பார்த்த ஒரு ஏஜெண்டு அவரை மாலத்தீவு லீகுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாட்டில் சம்பளத்துக்குப் பந்தாடப் போன முதல் ஆள் அவர்தான். ஆனால் ஊர் அதை வெளிநாடாக ஒத்துக்கொள்ளவில்லை. தூத்துக்குடியிலிருந்து தோணியில் வெங்காயம் போகிற ஊர் எப்படி வே வெளிநாடாகும் என்று பலசரக்குக் கடை அண்ணாச்சி கேட்டார். லீவில் வரும்போது அவர் கொண்டு வந்ததும் அதற்கு ஏற்றாற்போல்தான் இருந்தது. கடையநல்லூரில் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் சென்ட்டும் கம்பளியும் கொண்டு வந்தால், இவர் வீட்டுக்கு வீடு மாசிக் கருவாடு கொடுத்தார். விறகுக் கட்டை மாதிரி இருக்கும், சுத்தியல் வைத்து உடைக்க வேண்டும்.

எனக்கு மட்டும் ஒரு ஜோடி கோலிக் கையுறை வாங்கி வந்தார். நல்ல கம்பெனி, ஒட்டுப்பிடிக்கிற ரப்பர். அதற்கு ஒரு வருஷம் முன்பே நான் ஆட்டத்தை விட்டிருந்தேன். இப்போது என் மனைவி அதைப் போட்டுக்கொண்டுதான் அடுப்பிலிருந்து பிரியாணிச் சட்டியை இறக்குகிறாள். இதுவரை ஒரு சட்டியும் நழுவியதில்லை. கையுறையில் குறை இல்லை என்பது அதிலிருந்து நிரூபணம் ஆகிறது.

அங்கே எப்படி ஆடினார் என்று கேட்டால் அதிகம் பேசமாட்டார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நாலு பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாதாம். அதனால் தோற்றால் திட்டுவதற்கு முதலில் அந்த நாலு பேரைத்தான் தேடுவார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னால் நின்று எல்லோருக்கும் குரல் கொடுப்பது ஸ்டாப்பரின் வேலை. இவருக்கு அவர்கள் பாஷையும் வராது, இங்கிலீஷும் மட்டு. ஆகவே தன் வாயில் வந்ததையே கத்தினார். இரண்டு மாதத்தில் அந்த டீமின் தடுப்பு வரிசை முழுக்க 'ஏலே'க்குத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டதாம். ஏறு என்றால் ஏறுவார்களாம், எறங்கு என்றால் இறங்குவார்களாம்.

அதை நானே என் காதால் கேட்டேன். அவர் அங்கே ஆறாவது வருஷம் ஆடிக்கொண்டிருந்தபோது, முக்கியமான ஓர் ஆட்டத்தைப் போனில் நேரலையாகக் காட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில், பெரிய டி.வி.யில் இணைத்துப் பத்துப் பதினைந்து பேர் பார்த்தோம். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, "ஏலே, எறங்கு, எறங்கு" என்று ஒரு குரல் கேட்டது. கடையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்கும் மேலெல்லாம் புல்லரித்தது. அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டம் அப்படி. ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை. வந்த பந்தெல்லாம் அவர் நெற்றியைத் தேடி வந்து பட்டுப் போயிற்று.

கடைசிக் கட்டத்தில் ஒரு பந்து மெதுவாக உள்ளே வந்தது. அவர்களுடைய கோலி அந்த நாட்டுக்குச் செல்லப்பிள்ளை. அவன் முட்டி போட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அவன் உட்கார்ந்த விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம். இரண்டு காலுக்கும் நடுவே பந்து உள்ளே போயிற்று. திரையில் வலது கை ஒன்று மேலே எழுந்தது.

கடையில் இருந்தவர்களுக்கு எதுவும் புரியவில்லை. ஆட்டம் தெரிந்தவன் என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்னாள் மாவட்ட கோல்கீப்பர் அல்லவா. என்ன சார், யாரு தப்பு என்று கடைக்காரர் கேட்டார்.

"ஸ்டாப்பர் ஆளை விட்டுட்டாரு," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒரே பதில்தான். கோலி தப்பு என்று சொன்னால் யாராவது ஒருவன் பாளையங்கோட்டையை நினைத்துவிடுவான் என்று பயம். அந்தப் பயத்தில் வாய் முந்திக்கொண்டது. அந்த சீசனோடு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் ஊர் வந்து சேர்வதற்குள், ஸ்டாப்பர் விட்ட கோலால்தான் அவருக்கு வேலை போயிற்று என்ற செய்தி எல்லாக் கடையிலும் இருந்தது. அதைப் பரப்பியது நான்தான். அவர் இரண்டு வருஷம் லோடு ஆட்டோ ஓட்டினார், காலையில் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை அடித்தார். ரோட்டில் என்னைப் பார்த்தால் ஹாரன் அடிப்பார். நான் ஸ்கூட்டரில் இருந்தபடி தலையை ஆட்டுவேன், பிறகு அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன், என் வீடு அந்தப் பக்கம் இல்லாவிட்டாலும்.

பிறகுதான் எங்கள் பள்ளி விடுதிக்கு ஒரு கால்பந்துக் கோச் வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள். வந்த விண்ணப்பங்களில் முதலாவதாக அவர் பெயர். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் தாளாளர், அவருக்கு வலப்பக்கம் நாகர்கோவிலிலிருந்து வரவழைத்த ஓய்வுபெற்ற கோச் ஒருவர், இடப்பக்கம் நான். அதாவது, இந்த ஆளுக்குக் கால்பந்து தெரியுமா என்று தீர்ப்புச் சொல்ல என்னை உட்கார வைத்திருந்தார்கள். கடவுளுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு.

ஸ்டாப்பர் தேய்த்த வெள்ளைச் சட்டையில், மடியில் ஃபைலோடு வந்து உட்கார்ந்தார். நாகர்கோவில்காரர் நல்ல மனிதர்தான், பொறுப்பாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். லேப்டாப்பைத் திருப்பி அந்தக் கடைசி ஆட்டத்தைப் போட்டார். மெதுவாக வருகிற பந்து. கோல். தூக்கிய கை. அந்த இடத்தில் நிறுத்தினார். ஆறு வருஷம் அங்கே தாக்குப் பிடித்தது பெரிய விஷயம்தான், ஆனால் முக்கியமான நேரத்தில் கவனம் போகிறவரைப் பிள்ளைகளுக்குக் கோச்சாகப் போடலாமா என்பதுதான் தன் சந்தேகம் என்றார். இது உங்கள் தப்புதானே என்று கேட்டார்.

"ஆமா சார். எம் ஆளு," என்றார் ஸ்டாப்பர்.

தாளாளர் பேனாவைத் திறந்தார். அவர் எழுதப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முந்தி ஒரு பெரியவர் குனிந்து எழுதியதையும் பார்த்தவன் நான். என் வேலைக்கு ஒன்றும் ஆபத்து இல்லை, பழைய கோலுக்காக யாரும் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். மானம்தான் போகும். அந்த மானம் எவ்வளவு பெறும் என்று யோசித்துப் பார்த்தேன். அது ஒருபோதும் என்னுடையதாக இருந்ததில்லை என்று தெரிந்தது.

"இது கோலி தப்பு சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

நாகர்கோவில்காரர் என்னைப் பார்த்தார். அவரே ஒத்துக்கொள்கிறாரே, நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். நியாயமான கேள்வி. நான் எழுந்து நின்றேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே வலது கை மேலே போய்விட்டது.

"எனக்கும் இப்படித்தான் தூக்கினாரு சார். பாளையங்கோட்டையில. நான் விட்ட கோலுக்கு. அதுல இவரு பேரு போச்சு, எம் பேரு வந்துச்சு. இந்த வேலைக்கு நான் வந்ததே அப்படித்தான் சார்."

அடுத்து நடந்தது நான் எதிர்பார்க்காதது அல்ல. எதிரே உட்கார்ந்திருந்தவரின் வலது கை மெதுவாக மேலே எழுந்தது.

"இல்ல சார். அது எம் ஆளு. இவன் மேல தப்பில்ல," என்றார்.

தாளாளர் என் கையைப் பார்த்தார், அவர் கையைப் பார்த்தார். அறுபது வயதைத் தாண்டியவர், வியாபாரத்தில் பழுத்தவர், எதற்கும் கலங்காதவர், பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ரெண்டு பேரும் தூக்கிட்டு நின்னா நான் என்னத்த எழுத? யாராவது ஒருத்தர் எறக்குங்க வே."

நான் இறக்கவில்லை. ஒன்பது வருஷமும் அதற்கு மேலும், அந்தக் கை எழுந்ததும் நான் ஆசுவாசமாக மூச்சு விட்டுப் பழகியவன். இப்போதும் உள்ளுக்குள் அந்த ஆசுவாசம் எட்டிப் பார்த்தது. கை வலித்தது. வேண்டாம் அண்ணே, இதையாவது எனக்கு விடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். வாயால் சொன்னேனா என்று தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய கை கீழே வந்து ஃபைலின் மேல் உட்கார்ந்தது.

"உருண்டுதான் சார் வந்துச்சு," என்றார் தாளாளரிடம். "வேகமே கெடயாது. வழியில ஒரு கல்லுல முட்டி நிக்கப் பாத்துச்சு, மறுபடி உருண்டுச்சு. இவன் முட்டி போட்டு உக்காந்து, ரெண்டு கையையும் விரிச்சு, நல்லா பாத்துக்கிட்டே நடுவுல விட்டான். கைப்புள்ள புடிச்சிருக்கும் சார் அந்தப் பந்த."

நாகர்கோவில்காரர்தான் முதலில் சிரித்தார். தாளாளர் சிரித்தார். ஸ்டாப்பர் நிறுத்தவில்லை. கோவில்பட்டியில் கார்னர் பந்து, அதுவும் இவன்தான் சார். ராஜபாளையத்தில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தது, அதுவும் இவன்தான். ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு கோலாகச் சொன்னார். ஒன்றையும் அவர் மறக்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, நான் எப்படி விழுந்தேன் என்பது வரைக்கும் வைத்திருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானத்தில் இல்லை. என் கோல்கள் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்துகொண்டிருந்தன, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாகர்கோவில்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்போ மாலத்தீவில் என்று லேப்டாப்பைக் காட்டினார்.

ஸ்டாப்பர் திரையில் உறைந்து நின்ற தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுவும் கோலிதான் சார்," என்றார்.

அன்றைக்கே வேலை உறுதியாகிவிட்டது. நாலு வருஷம் எங்கள் விடுதியில் இருந்தார், பிறகு வடக்கே ஒரு கிளப் அவரைத் துணைக் கோச்சாக அழைத்துக்கொண்டது. இப்போது போனில்தான் பேச்சு. ஆண்டு விழாவில் தாளாளர் என்னை வெறுமனே பி.டி. மாஸ்டர் என்று அறிமுகப்படுத்துகிறார். கைதட்டல் ஒன்றும் குறையவில்லை, பிள்ளைகளுக்கு முன்பும் அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை போலும்.

நேர்முகத் தேர்வு முடிந்து நாங்கள் இரண்டு பேரும் பள்ளி வாசலுக்கு நடந்து வந்தோம். அவர் லோடு ஆட்டோ வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. சாவியைக் கையில் எடுத்தவர் ஏறாமல் நின்றார்.

"அன்னைக்குப் பஸ்ஸுல நீ மானூர்ல என்னைப் பாத்த. தேவர்குளத்துல வாயத் தொறந்த," என்றார். "பனவடலி தாண்டுனதும் சொல்லிருவன்னு நெனச்சேன்லே."

அன்றைக்கு அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார் என்றுதான் இருபது வருஷமாக நினைத்திருந்தேன்.

"சங்கரன்கோயில் வர இம்புட்டு நேரமாலே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார்.

வலது கையைத் தூக்கினேன். இந்தத் தடவை அவர் தூக்கவில்லை.